கையெழுத்துக்குக் காப்புறுதி உண்டா?

லுணுகலையில் சரிவான காணியில் வீடு கட்டப்போகிறவர் பிரதேச சபைக்குக் கொண்டுபோகும் கோப்பில் காணி உறுதி, நில அளவைப் படம், வீட்டு வரைபடம் எல்லாம் இருக்கும். கூடவே இன்னொரு கடதாசியும் வேண்டும்: தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய அறிக்கை. பதுளை உட்பட மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களுக்கு 2011இல் வந்த சுற்றுநிருபம் இதைக் கட்டாயமாக்கியது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் இடம் பார்ப்பார், திட்டக் குழுவில் பேசுவார்கள், கடைசியில் தவிசாளரின் கையெழுத்து விழும். நாளைக்கு அந்த மேடு சரிந்து வீட்டின் மேல் விழுந்தால், கையெழுத்துப் போட்டவர் தன் கைக்காசைக் கொடுக்க வேண்டி வருமா?

வரலாம். பத்தரமுல்லையில் பொதுத் தேவைக்கென்று எடுக்கப்பட்ட காணி கோல்ஃப் மைதானமானது. ‘வோட்டர்ஸ் எட்ஜ்’ என்று பெயர்பெற்ற அந்த வழக்கில், 2008 ஒக்டோபரில், முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். முன்னறிவிப்பு கிடைத்தும் உயிர்த்த ஞாயிறு தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அதுவும் சொந்தப் பணத்தில். ‘எச்சரிக்கை வந்தது, நான் கோப்பை மூடிவைத்தேன்’ என்பது இனி இலவசமல்ல. ஜனாதிபதிக்கே இந்தக் கதி என்றால் பிரதேச சபைத் தவிசாளர் எம்மாத்திரம்?

அமெரிக்காவில் இந்தப் பயத்துக்கென்றே காப்புறுதி விற்கிறார்கள். நகரசபை உறுப்பினரும் திட்ட அதிகாரியும் எடுத்த முடிவு தவறென்று யாராவது வழக்குப் போட்டால், சட்டத்தரணி செலவையும் நட்டஈட்டையும் கம்பனி கட்டும். லஞ்சம் வாங்கியது நிரூபணமானால் கட்டாது. ‘கட்டக்கூடாது என்று தடைபோட்டு என் காணியின் பெறுமதியையே பறித்துவிட்டீர்கள்’ என்று காணிக்காரர் போடும் வழக்கையும் பல பத்திரங்கள் விலக்கிவைக்கின்றன. காரணம் இல்லாமலில்லை. லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் ஒரு தேவாலயத்துக்குச் சொந்தமான முகாம் கட்டடங்களை 1978இல் வெள்ளம் அடித்துப்போனது. மறுபடி அங்கே கட்டக்கூடாது என்று உள்ளூராட்சி தடை விதித்தது. தேவாலயம் வழக்காடி, தற்காலிகத் தடை என்றாலும் அது காணியைப் பறிப்பதற்குச் சமமானால் நட்டஈடு உண்டென்ற தீர்ப்பை 1987இல் வாங்கியது. பிறகு கலிபோர்னியா நீதிமன்றமோ, உயிர்ப் பாதுகாப்புக்காகப் போட்ட தடை பறிப்பே அல்ல என்றது. கட்ட விட்டாலும் வழக்கு, விடாவிட்டாலும் வழக்கு!

நம் அரச ஊழியருக்கு இருப்பது ‘அக்ரஹார’. அது ஆஸ்பத்திரி பில்லுக்கு உதவும், தப்பான அனுமதிக்கு அல்ல. நேர்மையாக வேலை பார்க்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு வழக்குச் செலவுக் காப்புறுதி கொடுக்கத்தான் வேண்டும் என்பேன். அது இல்லாதவர் ‘மேலிடத்தில் கேளுங்கள்’ என்று கோப்பைத் தள்ளிவிடுவதே தனக்குப் பாதுகாப்பென்று நினைப்பார். ஆனால் அபாய அறிக்கை ‘வேண்டாம்’ என்று சொல்லியும் அரசியல் தயவுக்காக ஒப்பமிடும் தவிசாளருக்கு, மக்கள் வரிப்பணத்தில் ஒரு சதமும் தவணை கட்டக்கூடாது.

இவ்வளவும் கடைத்தெருவுக்கும் கிராமத்துக்கும் சரி. தோட்டத்துக்குள் போனால் கேள்வியே மாறிவிடுகிறது. நிலம் அரசாங்கத்துடையது, 1992 முதல் கம்பனிகள் கையில். பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் பணம் செலவழிக்க 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்தது. அந்தத் தடை நீங்கியது 2018இல்தான். லயத்துக்குப் பின்னால் மண்ணை வெட்டி ஒரு குசினி இறக்க வேண்டுமா? துரையிடம் கேட்பார்கள். அவர் தலையசைத்தால் அனுமதி. வரைபடமும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. கையெழுத்தே இல்லாத இடத்தில் யாருக்குக் காப்புறுதி எழுதுவது, யார்மேல் வழக்குப் போடுவது?

மீரியபெத்தையை மறக்க முடியுமா? 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்ட தோட்டம் அது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கியபோது மக்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அவர்களை வேறிடத்தில் குடியேற்றும் கடமை கம்பனிக்கா, பிரதேச செயலகத்துக்கா, அமைச்சுக்கா என்று ஆளையாள் காட்டிக்கொள்ள இடமிருந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் கூடுதலாக அடிவாங்கிய மாவட்டங்களில் பதுளையும் ஒன்று.

2025 மே தேர்தலில் வென்று லுணுகலைப் பிரதேச சபையில் உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். அபாய அறிக்கை உள்ள ஒவ்வொரு லயத்தின் பெயரும், அதற்கு எடுத்த முடிவும், முடிவெடுத்தவர் பெயரும் மாதக் கூட்டக் குறிப்பில் ஏறட்டும். தோட்டத்து வாசகர்களே, அவர்கள் செய்யாவிட்டால் நீங்கள் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ‘எங்கள் லயத்தைப் பற்றிய மண்சரிவு அறிக்கை எங்கே, அதன்மேல் என்ன செய்தீர்கள்?’ என்று தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை. 14 வேலைநாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்று முடிவு சொல்லியாக வேண்டும். விண்ணப்பம் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்காமல் மட்டும் திரும்பி வராதீர்கள்.