மருந்துக்கு ஒரு பரீட்சை – 9: கட்டிலா, வீடா?

கடற்கரையில் புறப்பட்டுத் தாம்பரம் போகும் மின்ரயில் குரோம்பேட்டையைத் தாண்டியதும் நிற்கிற இடம் தாம்பரம் சானடோரியம். 1928-ல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக அங்கே ஓர் இல்லம் தொடங்கினார். ரயில் நிலையத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. ஊருக்கு வெளியே காற்றோட்டமான வார்டுகள். படுத்தே இருக்க வேண்டும், பாலும் முட்டையுமாகச் சாப்பிட வேண்டும். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியம் என்றால் இதுதான். கூடவே, நெஞ்சுக்குள் காற்றை ஏற்றி நுரையீரலைச் சுருங்க வைப்பார்கள். விலா எலும்புகளை வெட்டி எடுப்பார்கள். இதனால் பிழைத்தவர் எத்தனை பேர், இது இல்லாமலே பிழைத்திருக்கக் கூடியவர் எத்தனை பேர் என்று ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் அரிது.

கணிதமேதை ராமானுஜனையும் இங்கிலாந்தில் காசநோய் என்று சொல்லி மாட்லாக் சானடோரியத்தில்தான் படுக்க வைத்தார்கள். ஊர் திரும்பியவர் 1920 ஏப்ரலில் சென்னை சேத்துப்பட்டில் இறந்தார். அவருக்கு இருந்தது காசநோயே அல்ல, கல்லீரலில் அமீபா தொற்று என்று பிற்காலத்தில் ஒரு மருத்துவர் பழைய குறிப்புகளை வைத்து வாதிட்டார். அப்படியானால் அந்தக் குளிரில் அவர் பட்ட பாடெல்லாம் வீண். இதற்கு மேல் அந்தச் சர்ச்சைக்குள் நான் போகவில்லை. இந்த வாரக் கதையும் சேத்துப்பட்டில் நடப்பதால் அவர் நினைவுக்கு வந்தார், அவ்வளவுதான்.

ஸ்ட்ரெப்டோமைசின் பரீட்சையைச் சென்ற இதழில் பார்த்தோம். 1948-ல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்டது. மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர் 4. படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14. மருந்து வேலை செய்கிறது என்று நிரூபணமானது. ஆனால் சில மாதங்களில் கிருமி அந்த மருந்துக்குப் பழகிக்கொண்டது. பாஸ் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் அந்தப் பழக்கத்தைத் தடுக்கலாம் என்று கண்டார்கள். 1952-ல் ஐசோனியாசிட் வந்தது. விலை மலிவு, வாய்வழியாகவே விழுங்கலாம்.

மருந்து கையில் வந்த பிறகும் பணக்கார நாடுகளில் சானடோரியத்தை யாரும் மூடவில்லை. மருந்தும் கொடு, படுக்கையும் கொடு என்றார்கள். அவர்களால் முடிந்தது. இந்தியாவில் தொற்றக்கூடிய காசநோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. எல்லோருக்கும் படுக்கை போட்டு முடிப்பதென்றால் நம் பேரப்பிள்ளைகளின் காலம் வந்துவிடும். ஆகவே இங்கே கேட்க வேண்டியிருந்த கேள்வி வேறு. மருந்து வேலை செய்கிறதா என்பதல்ல, படுக்கை தேவையா என்பது.

இந்தக் கேள்விக்காகவே 1956-ல் சென்னையில் காசநோய் வேதிமருந்து மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்த ஏற்பாடு. பிரிட்டனிலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் என்ற இளம் மருத்துவர் தலைமை தாங்கினார். சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று இயங்குவது அந்த மையம்தான்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை. எல்லோருக்கும் ஒரே மருந்து: ஐசோனியாசிட்டும் பாஸும், ஒரு வருடம். ஏறக்குறையப் பாதிப் பேர் சானடோரியத்துக்குப் போனார்கள், மீதிப் பேர் வீட்டிலேயே இருந்தார்கள். யார் எங்கே என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. முன்கூட்டியே குலுக்கல் முறையில் தயாரித்த பட்டியல் முடிவு செய்தது.

பலருக்கு இந்த இடத்தில்தான் மனம் ஒப்பாது. உயிர் போகிற விஷயத்தில் சீட்டுக் குலுக்கலா? ஆனால் குலுக்காவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மருத்துவர் நல்லவராக இருந்தால், இருமி இருமி எலும்பும் தோலுமாக வருகிறவரைப் பார்த்ததும் “இவருக்காவது ஒரு படுக்கை கொடுங்கள்” என்பார். கொஞ்சம் தெம்பாக இருப்பவரை வீட்டுக்கு அனுப்புவார். வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால் வீட்டுக்கு அனுப்பியவர்கள்தான் நன்றாகத் தேறியிருப்பார்கள். அது வீட்டின் பெருமையா, ஆரம்பத்திலேயே அவர்களுக்கு நோய் குறைவாக இருந்ததாலா? எந்தப் புள்ளிவிவர மேதையாலும் பிரித்துச் சொல்ல முடியாது. மருத்துவரின் இரக்கமே விடையைக் கெடுத்துவிடும். போன வருடம் படுக்கையில் இருந்தவர்களோடு இந்த வருடம் வீட்டில் இருப்பவர்களை ஒப்பிடுவதும் உதவாது. மருந்து மாறியிருக்கும், வருகிற நோயாளிகளும் மாறியிருப்பார்கள். ஒரே காலத்தில், ஒரே மருந்தோடு, குலுக்கிப் பிரித்துப் பார்த்தால்தான் படுக்கையின் பங்கு தனியாகத் தெரியும்.

அநியாயம் என்று சொல்வதற்கும் பெரிதாக இடமில்லை. இந்த ஆய்வு நடக்காவிட்டால் அந்த ஏழைகளில் பெரும்பாலோருக்கு சானடோரியமும் கிடைத்திருக்காது, மருந்தும் கிடைத்திருக்காது.

வீட்டில் இருந்தவர்களின் நிலையை நினைத்துக்கொள்ளுங்கள். நெருக்கடியான ஓரறைக் குடித்தனம், அரைவயிற்றுச் சாப்பாடு. பலர் உடம்பில் தெம்பு வந்ததும் வேலைக்கும் போனார்கள், வீட்டு வேலையும் பார்த்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், ஓய்வெடுத்தார்கள், எடையும் அதிகம் கூடினார்கள். நூறு வருட மருத்துவ ஞானத்தைக் கேட்டால் எந்தப் பக்கம் வெல்லும் என்று யோசிக்காமல் சொல்லியிருக்கும்.

1959-ல் முடிவு வெளியானது. சிலரை விலக்கிவிட்டு இறுதிக் கணக்கில் எடுத்துக்கொண்டது 163 பேரை. ஒரு வருட முடிவில் சளியில் கிருமி இல்லாத நிலைக்கு வந்தவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம். வீட்டில் 86 சதவீதம். ஆறு சதவீத வித்தியாசம் பெரிதாகத் தோன்றலாம். தலைகளை எண்ணினால் நாலைந்து பேர். இத்தனை சிறிய கூட்டத்தில் அது தற்செயலாகவே வரக்கூடியது. ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தபோதும் வீட்டுக்காரர்கள் பின்தங்கவில்லை.

இன்று இதே ஆய்வை யாராவது கொண்டுவந்தால் இத்தனை சுலபமாக விடமாட்டார்கள். “மோசமில்லை” என்று நிரூபிப்பது “மேல்” என்று நிரூபிப்பதைவிடக் கடினம். அதற்கு இன்னும் நிறைய நோயாளிகள் வேண்டும். எவ்வளவு வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்வோம் என்று தொடங்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும். விலக்கியவர்களையும் கணக்கில் சேர்த்துக் காட்டு என்பார்கள். நியாயமான கேள்விகள்தான். ஆனாலும் சென்னை ஆய்வு நிற்பதற்குக் காரணம், அது ஒரே எண்ணோடு நிற்கவில்லை என்பது. எக்ஸ்ரே, சளி, ஐந்து வருடத் தொடர்ச்சி, எல்லாம் ஒரே திசையைக் காட்டின.

எனக்கு மிகவும் பிடித்தது வீட்டு மனிதர்களைப் பற்றிய பகுதி. நோயாளியை வீட்டில் விட்டால் பெண்டாட்டி பிள்ளைகளுக்குத் தொற்றாதா? இது வெறும் வாதமாக இல்லாமல், அதையும் ஆய்வாகவே நடத்தினார்கள். இரு பக்கத்துக் குடும்பத்தாரையும் ஐந்து வருடம் பரிசோதித்தார்கள். நோயாளி வீட்டில் இருந்த குடும்பங்களில் நோய் கூடுதலாக வரவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிக்கும் முன்பே தொற்றிவிடுகிறது. மருந்து தொடங்கியபின் நோயாளி தொற்றவைப்பது விரைவில் குறைந்துவிடுகிறது. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோக இத்தனை காலமாகச் சொல்லிவந்த முதல் காரணம் இப்படித்தான் விழுந்தது.

வீட்டு வைத்தியத்தில் இன்னொரு சிக்கல் இருந்தது. மருந்தை யார் விழுங்குகிறார், யார் ஜன்னல் வழியே போடுகிறார்? பாஸ் லேசுப்பட்ட மருந்தல்ல. கிராம் கணக்கில் விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். ஆகவே மையத்தின் ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தார்கள். மீதி மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள். ஃபெரிக் குளோரைடு விட்டால் பாஸ் இருக்கிற சிறுநீர் நிறம் மாறும். யார் ஒழுங்காகச் சாப்பிடுவார், யார் ஏமாற்றுவார் என்று முகத்தைப் பார்த்து மருத்துவரால் ஊகிக்க முடியாது என்பது அப்போது தெளிவானது. இந்தப் பிரச்சினையைப் பற்றி ஃபாக்ஸ் 1958-லேயே தனிக் கட்டுரை எழுதினார். பின்னர் நடந்த ஓர் ஆய்வில், வாரம் இரண்டு முறை நோயாளியை வரவழைத்து ஊழியர் கண்ணெதிரே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோனியாசிட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். தினசரி மாத்திரைக்குக் குறையாத பலன். 1964-ல் அது வெளியானது. கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறை பிற்காலத்தில் உலகக் காசநோய்த் திட்டங்களுக்கே அடிப்படையானதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தப் புகழ்க்கதையில் எனக்கு ஒரு மனத்தாங்கல். அரைவயிற்றுச் சாப்பாட்டோடு வீட்டில் இருந்தவர்களும் குணமானார்கள் என்பதை வைத்து, 1961-ல் உணவைப் பற்றி மட்டும் தனியாக ஓர் அறிக்கை வந்தது. நல்ல மருந்து இருந்தால், சாப்பாடு சுமாராக இருந்தாலும் கிருமி ஒழியும் என்பது அதன் சாரம். உண்மைதான். ஆனால் பரீட்சை கேட்டது சளியில் கிருமி போகிறதா என்று. உடம்பு தேறுகிறதா, பழைய வேலைக்குத் திரும்ப முடிகிறதா, அதே கஞ்சியைக் குடித்துக்கொண்டு பக்கத்தில் படுத்திருக்கும் மகளுக்கு அடுத்து நோய் வருமா என்பதையெல்லாம் அந்த அறிக்கை கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டதுபோல நடந்துகொண்டோம். சத்துணவு பின்னுக்குப் போனது. காசநோயாளிக்குச் சாப்பாட்டுக்கென்று மத்திய அரசு மாதம் 500 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது 2018-ல்தான். பிறகு அது 1,000 ஆனது.

கேட்காத அந்தக் கேள்வியைக் கேட்டது ஜார்கண்டில் நடந்த ஆய்வு. மருத்துவர்கள் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் முன்னின்று நடத்தியது. சேத்துப்பட்டு நிறுவனமும் அதில் பங்கெடுத்தது. நான்கு மாவட்டங்களில் 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுத்தார்கள். அதில் குலுக்கல் இல்லை. பட்டினி கிடக்கிற நோயாளியைக் குலுக்கலில் விட இந்தக் காலத்தில் யாரும் ஒப்பமாட்டார்கள். குலுக்கியது குடும்பத்தாருக்கான ரேஷனை. ஒரு பக்கத்துக் குடும்பங்களில் வயது வந்தவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ பருப்பும், கூடவே சத்து மாத்திரைகளும். மறுபக்கத்தில் வழக்கமான சாப்பாடு.

2023-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. ரேஷன் பெற்ற குடும்பத்தாரிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. மற்றவர்களுக்குத் தொற்றக்கூடிய வகை 48 சதவீதம் குறைந்திருந்தது. நோயாளிகளைப் பொறுத்தவரை, முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்கள் இறப்பது வெகுவாகக் குறைந்தது. இந்தக் கடைசி விஷயம் குலுக்கலில் வந்ததல்ல, எல்லோருக்கும் உணவு கொடுத்ததால் ஒப்பிட ஆள் இல்லை. லேசான நோய் இருந்தவர்களுக்கே எடை சீக்கிரம் ஏறியிருக்கலாம். அதை அந்த அளவில் வைத்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தாரைப் பற்றிய முடிவுக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை.

அடுத்த வாரம் செங்கல்பட்டு. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை வைத்து நடந்த பிசிஜி தடுப்பூசி ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று சொன்ன கதை.

(தொடரும்)