ஆத்துத் தண்ணியில் நுரை, போர் தண்ணியில் திட்டு: வீட்டில் உப்புத் தண்ணியைச் சமாளிப்பது எப்படி?

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி மலையிலிருந்து இறங்கி வரும் அடிவாரத்தில் இருக்கிறது விக்கிரமசிங்கபுரம். ஆத்துத் தண்ணியில் குளித்துப் பழகியவர்கள் போர் தண்ணி வரும் வீட்டுக்குக் குடிபோனால், முதல் நாளே வித்தியாசம் தெரிந்துவிடும். சோப் நுரைக்காது, குழாயில் வெள்ளைத் திட்டு படியும்.

ஏன் இந்த வித்தியாசம்?

மழைநீர் மலைப் பாறைகள் மீது வேகமாக ஓடி வருவதால், அதில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம் கரைவதில்லை. நிலத்தடி நீர் அப்படியல்ல. பாறை இடுக்குகளில் நீண்டகாலம் தங்கி, இரண்டையும் கரைத்துக்கொள்கிறது. சுண்ணாம்புக்கல் உள்ள இடங்களில் இது இன்னும் அதிகம். இதே நெல்லைச் சீமையில், தாழையூத்தில் 1949-ல் சிமெண்ட் ஆலை வந்ததற்குக் காரணமே அந்தச் சுண்ணாம்புக்கல்தான்.

எவ்வளவு இருக்கலாம்?

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கணக்குப்படி, குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி.

டி.டி.எஸ். மீட்டர் போதுமா?

போதாது. அது கரைந்திருக்கும் எல்லா உப்புகளையும் சேர்த்துத்தான் காட்டும். கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்று அறிய, கடினத்தன்மைக்கான சோதனை கிட் அல்லது ஆய்வகப் பரிசோதனை வேண்டும்.

காய்ச்சினால் சரியாகுமா?

பாதி சரி. பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மை காய்ச்சும்போது அடியில் படிந்துவிடும், ஆறவைத்து வடிகட்டலாம். சல்ஃபேட், குளோரைடால் வருவது காய்ச்சினாலும் போகாது.

கீசர், கெட்டில், குழாய்?

ஹீட்டர் காயில் மீது உப்பு படிந்தால் தண்ணி சூடாக நேரம் பிடிக்கும், கரண்ட் பில்லும் ஏறும். கெட்டிலில் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணியை ஊறவிட்டுக் கழுவினால் திட்டு கரையும். குழாய்க்கு, அதில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் போதும். கீசரை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

ஆர்.ஓ.வா, சாஃப்ட்னரா?

குளிக்க, துவைக்க சாஃப்ட்னர். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைத் தண்ணியில் விடும். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் அதைக் குடிக்க வேண்டாம். உப்பு மிகுந்த தண்ணியைக் குடிக்க ஆர்.ஓ. உதவும், ஆனால் நிறைய தண்ணி வீணாகும். அதனால்தான் டி.டி.எஸ். 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. வேண்டாம் என 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஆத்துத் தண்ணி வரும் வீட்டில் கிருமிக்குத்தான் பயம். அதற்குக் காய்ச்சுவதே போதும்.

உடம்புக்குக் கெடுதலா?

கடினநீர் நோய் உண்டாக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனவே பயந்துபோய் மெஷின் வாங்காதீங்க. முதலில் உங்க வீட்டுத் தண்ணியைச் சோதித்துப் பாருங்க, வாங்குவதா வேண்டாமா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம்.