காலுக்கு இறங்கும் வலியும் கைரோபிராக்டிக் சிகிச்சையும்

மனித உடலின் நரம்புகளுள் மிகத் தடிமனானது சியாட்டிக் நரம்பு ஆகும். இடுப்புப் பகுதியின் கடைசி இரண்டு நரம்பு வேர்களும், அவற்றுக்குக் கீழே திருவெலும்பிலிருந்து புறப்படும் முதல் மூன்று வேர்களும் ஒன்றுகூடி உருவாகும் இந்நரம்பு, பிட்டத்தைக் கடந்து தொடையின் பின்புறமாக இறங்கி, முழங்காலுக்கு மேலே இரண்டாகப் பிரிந்து பாதம் வரை செல்கிறது. இதன் வேர்களுள் ஒன்று அழுத்தப்பட்டாலோ அழற்சியுற்றாலோ, கோளாறு முதுகில் இருக்க, வலி மட்டும் பிட்டத்திலும் கெண்டைக்காலிலும் சுரீரென்று இறங்குகிறது. சிலருக்கு மரமரப்பும் சேர்ந்துகொள்கிறது. இருமினாலும் தும்மினாலும் கூடுகின்ற இவ்வலியே சியாட்டிகா எனப்படுகிறது.

இவ்வலி நரம்பைச் சார்ந்தது என்று இத்தாலிய மருத்துவர் தொமேனிக்கோ கொத்துன்யோ 1764-ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார் எனினும், பெரும்பாலான நேர்வுகளில் நரம்பை அழுத்துவது எது என்பது தெளிவாக மேலும் 170 ஆண்டுகள் ஆயின. முள்ளெலும்புகளுக்கு இடையே அமைந்து அதிர்வைத் தாங்கும் வட்டின், அதாவது டிஸ்க்கின், வெளி வளையம் கிழிந்து உள்ளிருக்கும் கூழ்மப் பொருள் பிதுங்குவதே முதன்மைக் காரணம் என்பதை 1934-இல் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் நிறுவினர். பிதுங்கிய அப்பொருளை உடலின் தற்காப்பு அணுக்களே சிறிது சிறிதாக அரித்துக் கரைத்துவிடுவது உண்டு என்பது பின்னர் அறியப்பட்டது. நோயாளிகளுள் பெரும்பாலோர் அறுவையின்றியே சில வாரங்களிலோ சில மாதங்களிலோ தேறிவிடுவதற்கு இது ஒரு காரணம். எந்தச் சிகிச்சையின் பயனை மதிப்பிடும்போதும் இந்த இயற்கையான தேறுதலைக் கழித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கைகளால் முதுகெலும்பை அழுத்தியும் தள்ளியும் செய்யப்படும் கைரோபிராக்டிக் முறையைத் தொடங்கியவர், கனடாவில் பிறந்து அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் காந்த சிகிச்சை செய்துவந்த டேனியல் டேவிட் பால்மர். 1895-ஆம் ஆண்டு ஹார்வி லில்லர்ட் என்னும் துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பைச் சரிசெய்து அவருடைய செவிட்டுத்தன்மையைப் போக்கியதாகப் பால்மர் கூறினார். செவி நரம்பு மூளையிலிருந்து நேரே உட்செவிக்குச் செல்வது. முதுகெலும்பின் வழியே அது செல்வதே இல்லை. ஆயினும் முள்ளெலும்புகள் இடம் பிசகுவதால்தான் ஏறக்குறைய எல்லா நோய்களும் தோன்றுகின்றன என்னும் பெருங்கோட்பாட்டை அவர் இதன்மேல் எழுப்பினார். மருத்துவ உலகம் இதனை ஏற்கவில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் இம்முறையினரோடு தொழில் உறவு கொள்வதையே நெறிபிறழ்வாகக் கருதித் தடுத்தது; அப்புறக்கணிப்பு போட்டிச் சட்டத்தை மீறிய செயல் என்று 1987-இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தில் கிடைத்த அந்த வெற்றி பால்மரின் கோட்பாட்டை மெய்ப்பித்துவிடவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

சிகிச்சையின்போது நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கீழ்முதுகெலும்பின் மூட்டுகளின்மீது விரைவான சிறு விசையைச் செலுத்துவது வழக்கமான முறை. நடுவில் மடங்கும் மேசையில் குப்புறப் படுக்கவைத்து, கீழ்முதுகை மெல்ல இழுத்து வளைப்பது மற்றொன்று. முதல் முறையில் எழும் 'கடக்' என்னும் ஓசையை, விலகிய எலும்பு மீண்டும் இடத்தில் உட்கார்ந்த ஓசை என்று பலர் நம்புகின்றனர். மூட்டின் உள்ளே அழுத்தம் திடீரெனக் குறைவதால் மூட்டு நீரில் வாயுக்குமிழி தோன்றுவதோடு தொடர்புடையதே அவ்வோசை. பிதுங்கிய வட்டை எந்தக் கையும் உள்ளே தள்ளிவிடுவதில்லை. தசை இறுக்கம் தளர்வதும், வலி உணர்வை நரம்பு மண்டலம் கையாளும் விதம் சிறிது நேரம் மாறுவதுமே நிவாரணத்துக்கான விளக்கங்களாக இன்று முன்வைக்கப்படுகின்றன.

பயன் உண்டா என்னும் கேள்விக்கு மிதமான விடையே கிடைக்கிறது. வட்டுப் பிதுக்கத்தால் முதுகுவலியும் கால்வலியும் கொண்ட 102 நோயாளிகளிடம் இத்தாலியில் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வில், உண்மையான சிகிச்சை பெற்றவர்களுள் 55 விழுக்காட்டினருக்கும், சிகிச்சைபோல் நடித்துக் காட்டப்பட்டவர்களுள் 20 விழுக்காட்டினருக்கும் காலுக்குப் பரவும் வலி முற்றிலும் நீங்கியது. நோயாளிகளின் எண்ணிக்கை சிறிது எனினும் வேறுபாடு புறக்கணிக்கத் தக்கதன்று. பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல் 2016-இல் இன்னும் எச்சரிக்கையாக, இத்தகைய கைமுறைச் சிகிச்சையைத் தனியாக அன்றி உடற்பயிற்சியோடு சேர்ந்த ஒரு பகுதியாகவே மேற்கொள்ளலாம் என்றது. நோய் இல்லாத காலத்திலும் மாதந்தோறும் முதுகெலும்பைச் 'சரிசெய்து' கொள்ளுமாறு கூறி நீண்ட காலத் தொகுப்புக்கு முன்பணம் பெறும் நிலையங்களின் அறிவுரைக்கு இச்சான்றுகளில் இடமில்லை.

சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் வலியும் அசதியும் கூடுவது இயல்பு. எலும்புத் தேய்வு முற்றியவர்கள், முதுகெலும்பில் முறிவோ புற்றுநோயோ கிருமித்தொற்றோ உள்ளவர்கள் ஆகியோரிடம் விசையைச் செலுத்துவது ஆபத்தானது என்பதால், முதலில் மருத்துவப் பரிசோதனை தேவைப்படுகிறது. பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி உணர்ச்சி குறைதல், சிறுநீர் பிரியாமை அல்லது மலத்தை அடக்க முடியாமை, இரண்டு கால்களும் வலுவிழத்தல் ஆகியவை, தண்டுவடத்தின் கீழே குதிரைவால் போலத் தொங்கும் நரம்புக்கற்றை நசுங்குவதன் அறிகுறிகள். அந்நிலையில் எந்தக் கைமுறைச் சிகிச்சைக்கும் காத்திராமல் அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும், ஏனெனில் அறுவை தாமதமானால் சிறுநீர்ப்பையின் செயல் திரும்பாமலே போகலாம்.