எனாமல் குளியல் தொட்டி பழுதுபார்ப்பு

எனாமல் குளியல் தொட்டி என்பது வார்ப்பிரும்பு அல்லது எஃகுத் தகட்டின் மேல் கண்ணாடிப் பூச்சு உருக்கி ஒட்டப்பட்ட தொட்டி ஆகும். சிலிக்கா, வெண்காரம் முதலியவற்றை உருக்கிப் பொடித்த கண்ணாடித் தூளை உலோகத்தில் பூசி, சுமார் 800 பாகை செல்சியசில் சுட்டு இதைச் செய்கின்றனர். அந்தச் சூட்டை வீட்டில் தர முடியாது. ஆகவே, பெயர்ந்த இடத்தில் நாம் வைக்கும் ஒட்டு எப்பாக்சிப் பிசினே அன்றி எனாமல் அன்று. பெயின்ட் கடையில் ‘எனாமல்’ என்று விற்பது வேறு பொருள். அது தேங்கும் நீரில் உரிந்துவிடும்.

முதலில் தொட்டியில் காந்தத்தை வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டாவிட்டால் அது பெரும்பாலும் அக்ரிலிக் தொட்டி. இங்குக் கூறும் முறை அதற்குப் பொருந்தாது. அடுத்து, கீறல் மேல் நகத்தை ஓட்டிப் பார்க்கலாம். நகம் தடுக்காத சாம்பல் நிறக் கோடுகள் பல நேரங்களில் கீறலே அல்ல. இரும்பு வாளி உரசியதால் படிந்த உலோகத் தடம். மென்மையான தேய்ப்புப் பசையால் அது போய்விடும்.

நகம் தடுக்கி, அடியில் கறுப்போ பழுப்போ தெரிந்தால் காலம் தாழ்த்தக் கூடாது. வெளிப்பட்ட இரும்பு துருப்பிடிக்கும். துரு உப்பிப் பருத்து, நல்ல எனாமலையும் ஓரத்திலிருந்து நெம்பிப் பெயர்க்கும். துருவின் மேலேயே பூசினால் அந்த ஒட்டு நிற்காது. பளபளக்கும் இரும்பு தெரியும்வரை வாட்டர் பேப்பரால் ஈரத்துடன் தேய்க்க வேண்டும். பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர் தேய்ப்பு வேண்டாம். பின்பு சோப்பு நீரால் கழுவி, முற்றிலும் உலரவிட வேண்டும்.

உலர்த்துவதுதான் கடினமான பகுதி. குரோம்பேட்டை, தாம்பரம் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், குளியலறை காய்வதே அரிது. ஏப்ரல், மே மாதங்களே இதற்கு ஏற்றவை. சொட்டும் குழாயையும் முன்பே சரிசெய்துவிட வேண்டும்.

ஆழமான பள்ளத்துக்கு இருகூறு எப்பாக்சிப் பட்டியை மெல்லிய அடுக்குகளாக வைத்து, இறுகியபின் தேய்த்து மட்டமாக்கலாம். அதன்மேல் தொட்டிகளுக்கென விற்கும் இருகூறு எப்பாக்சிப் பூச்சு. தொட்டியின் வெள்ளை வயதேறி மங்கியிருக்கும் என்பதால் நிறம் முழுதாக ஒத்துவராது. அதை மறைக்கத் தடிப்பாகப் பூசுவது வீண். சன்னல் திறந்திருக்கட்டும். பொதியில் குறித்த காலம் முடியும்வரை நீர் படக்கூடாது.

ஆழ்துளைக் கிணற்று நீர் புழங்கும் வீடுகளில் உப்புக் கறைக்கு ஆசிட் ஊற்றுவது வழக்கம். எனாமலின் பளபளப்பை அரித்துச் சொரசொரப்பாக்குவதும், அதனால் மேலும் கறை ஏறச் செய்வதும் அதுவே. குழாயின் குரோமியப் பூச்சையும் அது கெடுக்கும். (ஊரின் பெயரிலுள்ள குரோம், தோல் பதனிட்ட குரோம் லெதர் தொழிற்சாலையிலிருந்து வந்தது, குழாயிலிருந்து அன்று.) ஆசிட்டைப் பிளீச்சிங் பவுடருடன் சேர்த்தால் நச்சுக் குளோரின் வாயு கிளம்பும்.

வடிகால் துளையைச் சுற்றி இரும்பே ஓட்டையாகியிருந்தால் பட்டி தாங்காது. தொட்டியை மாற்றுவதே வழி. பெயர்ந்த எனாமல் தட்டு, குவளைகளுக்கு இவ்வொட்டைப் போட்டு உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது.