நாலாவது கவுன்ட்டர் மட்டும் ஏன் க்ராஷ் ஆச்சு?

ஒரு பழைய அப்ளிகேஷனை கிளவுடுக்கு மாத்திட்டு ரெண்டு வாரம் நான் தூக்கம் தொலைச்ச கதைதான் இன்னிக்கு.

ஒரு மருத்துவமனையோட ஃபார்மசி. பேர் வேண்டாம். பில்லிங் சாஃப்ட்வேர் விஷுவல் பேசிக் 6-ல எழுதினது, பின்னாடி ஆரக்கிள் டேட்டாபேஸ். எழுதினவர் எப்பவோ ரிட்டயர் ஆயிட்டார். சோர்ஸ் கோட் யார்கிட்டயும் இல்ல, ஈஎக்ஸ்ஈ ஃபைல் மட்டும்தான் இருந்தது. மாடிப்படிக்குக் கீழ ஒரு சர்வர்ல வருஷக்கணக்கா ஓடிட்டிருந்த அந்த டேட்டாபேஸை அமேசான் கிளவுடுக்கு மாத்தினோம். அடுத்த நாளே க்ராஷ் ஆரம்பிச்சது. திரையில ஓஆர்ஏ-03113னு ஒரு எரர், ஓகே அழுத்தினா ப்ரோக்ராமே மூடிடும். பாதி போட்ட பில் காலி. எதிர்ல மருந்துச் சீட்டோட நிக்கிறவங்க நம்மளைத்தான் முறைப்பாங்க.

வழக்கம்போல சிபியு பார்த்தேன், மெமரி பார்த்தேன். எல்லாம் சும்மா கிடந்தது. பெரிய சர்வருக்கு மாத்தியும் பார்த்தோம், மாசச் செலவு ஏறினதுதான் மிச்சம்.

விசித்திரம் என்னன்னா, கூட்டம் அலைமோதுற முதல் கவுன்ட்டர்ல க்ராஷே இல்ல. ஈ ஓட்டிட்டிருக்கிற நாலாவது கவுன்ட்டர்லதான் தினமும் அஞ்சாறு தடவை. அங்க இருக்கிற அக்காவுக்குக் கம்ப்யூட்டர் சரியா வராதுன்னு எல்லாரும் முடிவே கட்டிட்டாங்க. நானும் டிக்கெட்ல 'யூசர் எரர்'னு எழுதி மூடிட்டேன். வெட்கமாத்தான் இருக்கு, ஆனா எழுதினேன்.

நேர்ல போனப்ப அக்கா ஒரு நோட்டை நீட்டினாங்க. ஒவ்வொரு க்ராஷுக்கும் நேரம் குறிச்சு வெச்சிருந்தாங்க. "டீ குடிச்சிட்டு வந்து உக்காந்தா போயிடுது தம்பி. சாப்பிட்டு வந்தாலும் அப்படித்தான்."

அங்கதான் பொறி தட்டிச்சு. ஒரு கனெக்‌ஷனைத் திறந்துட்டு, அஞ்சு நிமிஷம் கழிச்சு ஒரு குவெரி அனுப்பினேன். பதில் வந்தது. அடுத்து ஆறு நிமிஷம் காத்திருந்து அனுப்பினேன். அவுட்!

விஷயம் இதுதான். அந்தக் காலத்து ப்ரோக்ராம் காலையில ஒரு கனெக்‌ஷனைத் திறந்தா, சாயங்காலம் கடை மூடுறப்பதான் மூடும். மாடிப்படி சர்வருக்கு நடுவுல இருந்தது ஒரு சாதா ஸ்விட்ச். யார் யாரோட பேசிட்டிருக்காங்கன்னு அது கணக்கே வெச்சுக்காது. கிளவுடுல நாங்க நடுவுல ஒரு நெட்வொர்க் லோட் பேலன்ஸர் வெச்சிருந்தோம். அது கணக்கு வெச்சுக்கும். 350 வினாடி பேச்சே இல்லைன்னா கணக்குலேர்ந்து தூக்கிடும். கொஞ்ச நேரம் ஆளைக் காணோம்னா நோட்டுல பேரை அடிச்சிடற வாட்ச்மேன் மாதிரி. உங்ககிட்டயும் சொல்ல மாட்டார், வீட்டுக்காரர்கிட்டயும் சொல்ல மாட்டார். திரும்பி வந்து கதவைத் தட்டுறப்பதான் 'யார் நீ?'ம்பார். விண்டோஸ், லினக்ஸ் ரெண்டுலயும் டிசிபி கீப்-அலைவ் ஆன் ஆகியிருந்தாலும், முதல் 'இருக்கியா?' போறதுக்கு 2 மணி நேரம் ஆகும்.

இதைவிட மோசம் ஒண்ணு உண்டு. கனெக்‌ஷன் செத்தது டேட்டாபேஸுக்குத் தெரியாது. பில் பாதியில இருந்தா, அந்த மருந்தோட ஸ்டாக் ரோவை லாக் போட்டு பிடிச்சிட்டே இருக்கும். அதே மருந்தை இன்னொரு கவுன்ட்டர்ல போட்டா அதுவும் தொங்கும். அந்தப் பழியும் அக்கா மேலதான் விழுந்திருந்தது.

கோடைத் தொட முடியாது, அதனால ஆரக்கிள் சர்வர்ல எஸ்க்யூஎல்நெட் ஃபைல்ல எக்ஸ்பயர்-டைம்னு ஒரு வரி சேர்த்தேன். சும்மா இருக்கிற கனெக்‌ஷனுக்கு சர்வரே அப்பப்ப ஒரு சின்ன பாக்கெட் அனுப்பி உயிர் இருக்கான்னு பார்க்கும். எங்க பார்த்தாலும் 10னுதான் போடச் சொல்றாங்க, நானும் போட்டேன். க்ராஷ் நிக்கல. அது நிமிஷக் கணக்கு சார்! 600 வினாடி கழிச்சு நலம் விசாரிச்சா, 350-லயே கதை முடிஞ்சிருக்கும். 2ன்னு மாத்தினேன். இது புது கனெக்‌ஷனுக்கு மட்டும்தான் செல்லும்ங்கறதால எல்லா கவுன்ட்டர்லயும் ப்ரோக்ராமை மூடித் திறக்கச் சொன்னேன். அன்னிக்கு அக்கா நோட்டுல ஒண்ணும் எழுதல. டிக்கெட்டைத் திரும்பத் திறந்து, நான் எழுதினதை நானே அடிச்சேன்.

நீங்க அஷ்யூர்ல இருந்தா, அங்க லோட் பேலன்ஸருக்கு டிஃபால்ட் 4 நிமிஷம். டிசிபி ரீசெட்டை நீங்களா ஆன் பண்ணலேன்னா சத்தமில்லாம பாக்கெட்டை விழுங்கிடும். அப்ப ப்ரோக்ராம் க்ராஷ் கூட ஆகாது, அப்படியே உறைஞ்சு நிக்கும். அது வேற எபிசோட், அப்புறம் பேசுவோம்.