மீனில்லா ஒடியற்கூழ்

ஒடியற்கூழ் என்றதும் மீனும் நண்டும் இறாலும் வெந்து மணக்கும் பானையே பலருடைய நினைவில் எழும். ஆயினும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றில் சைவ உணவினரும் மச்சம் உண்போரும் ஒரே கூரையின்கீழ் இருப்பர். கூழோ சுற்றத்தார் சூழ அமர்ந்து, பிளாவில் வாங்கிப் பருகும் உணவு. அவ்வட்டத்திலிருந்து ஒருவரேனும் விலகி அமராதிருக்க உதவுவது சைவக் கூழ்.

ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்த நீரை வடித்துக் கசப்பை நீக்கவேண்டும். ஒருபிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய் என்பவற்றை முதலில் அவித்து, அரைத்த செத்தல்மிளகாயும் பழப்புளியும் உப்பும் சேர்த்தல் வேண்டும். முருங்கையிலையும் இட்டபின், மாவைக் கரைத்து ஊற்றித் தடிக்கும்வரை துழாவுதல் முறை.

இப்பானைக்கு மீன் அளித்தவை மூன்று: மெல்லும் பதம், சுவை, ஊட்டம். நார்நாராகப் பிரியும் பிஞ்சுப் பலாக்காய் முதலாவதை ஈடுசெய்யும்.

சுவையின் காரணத்தை யப்பானிய அறிஞர் ஆராய்ந்தனர். 1908ஆம் ஆண்டில் பேராசிரியர் இக்கேடா கடற்பாசியிலுள்ள குளுட்டமேற்றே அதன் சுவைக்குக் காரணம் எனக் கண்டார். 1913இல் அவர் மாணவர் கொடாமா உலர்ந்த சூரை மீனில் இனோசினேற்று என்னும் பொருளைக் கண்டார். கொழும்புச் சம்பல்களுக்கு மாசிக்கருவாடு சுவையூட்டுவதும் இதுபற்றியே. உலர்த்திய ஷீட்டாக்கே காளானிலும் இதற்கு இனமான பொருள் உண்டெனப் பின்னர் அறியப்பட்டது. ஆகவே, கடற்பாசித் துண்டொன்றும் உலர்ந்த காளான் சிலவும் ஊறிய நீரைக் கூழில் வார்த்தால், மீன் நீங்கிய வெறுமை பெரிதும் மறையும்.

ஊட்டமே எளிதில் மறக்கப்படுவது. கிழங்கும் பலாவும் மீனின் புரதத்துக்கு ஈடாகா. தோலுடன் வறுத்த பயறு அல்லது சோயா சேர்த்தல் நன்று. உயிர்ச்சத்து பீ-12 தாவர உணவிற் போதியளவு கிடைப்பதில்லை. பாலையும் தவிர்ப்போர் அச்சத்துச் சேர்க்கப்பட்ட உணவையோ குளிகையையோ நாடவேண்டும்.

இருசாராரும் உள்ள வீட்டில் சைவக் கூழை முதலில் ஆக்கி, அவர்களுக்குரிய பங்கை வேறாக எடுத்து வைத்தபின், மற்றைய பானையில் மீனை இடலாம். அகப்பையும் இரண்டாயின், சைவர் மனத்தில் ஐயம் எழாது. யாவரும் ஒருங்கே அமர்ந்து உண்ணலாம்.