கையால் கடைந்த மரப் பேனா: நிலைத்து நிற்கும் அன்பளிப்பு

பரீட்சையில் தேறிய பிள்ளைக்கும் ஓய்வு பெறும் ஆசிரியருக்கும் பேனா அன்பளிப்புச் செய்வது நம்மிடையே நெடுநாள் வழக்கம். அந்தப் பேனா, இடித்துக் கட்டிய பூர்வீக வீட்டின் தேக்கு நிலையிலிருந்தோ முற்றத்து வேம்பிலிருந்தோ கடைந்தது என்றால், பெற்றவர் அதை எளிதில் தொலைக்க மாட்டார். கடைசல் இயந்திரமும் அதை இயக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால், பசை காயும் நேரம் போக இரண்டு மூன்று மணி நேர வேலைதான். ஆனால் மரம் கீறாமலும், பேனா பல ஆண்டு எழுதும்படியும் அமைய வேண்டும்.

மரம்: ஈரம் காயாத மரத்தைக் கடைந்தால் அது பின்னர் காய்ந்து சுருங்கும். உள்ளே இருக்கும் பித்தளைக் குழாய் சுருங்காது. ஆகவே மரம் கீறிவிடும். பழைய கதவு, நிலை, கட்டில் கால் நன்கு காய்ந்தவை. ஆணி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாக வெட்டிய மரத்தைச் சிறு துண்டுகளாக அறுத்து நிழலில் பல மாதங்கள் உலர்த்த வேண்டும்.

பாகங்கள்: முனை, கிளிப், திருகு பொறி, பித்தளைக் குழாய் எல்லாம் சேர்ந்த 'பென் கிட்' ஆன்லைனில் கிடைக்கிறது. மெல்லிய ரகங்கள் பெரும்பாலும் 'கிராஸ்' வகை ரீஃபில் கேட்பவை. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 'பார்க்கர்' வகை ரீஃபில் பொருந்தும் கிட்டையே வாங்குங்கள். ரீஃபில் கிடைக்காத பேனா அலமாரியில்தான் கிடக்கும்.

செய்முறை:

1. சுமார் 2 செ.மீ. சதுரக் கட்டையை, குழாயைவிடச் சற்று நீளமாக அறுக்கவும்.

2. கிட்டில் சொன்ன அளவில் (மெல்லிய ரகத்துக்கு 7 மி.மீ.) நடுவில் நேராகத் துளையிடவும். அடிக்கடி டிரில்லை வெளியே எடுத்துத் தூளை நீக்கவும். சூடேறினால் மரம் வெடிக்கும்.

3. குழாயை உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, எபாக்ஸி பசையால் ஒட்டவும். பசை குழாயின் உள்ளே புகக் கூடாது.

4. பசை காய்ந்தபின் இரு முனைகளையும் குழாய் மட்டத்துக்குச் செங்குத்தாகச் சீவவும். இல்லையெனில் பூட்டும்போது இடைவெளி தெரியும்.

5. கட்டையை இயந்திரத்தில் மாட்டி, கூரான உளியால் மெல்ல மெல்லக் கடையவும்.

6. 150, 240, 400, 600 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்து, மெழுகோ வார்னிஷோ பூசவும்.

7. பாகங்களை நேராக வைத்து மெதுவாக அழுத்திப் பூட்டவும்.

எச்சரிக்கை: சுழலும் இயந்திரத்தின் அருகே துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை, கையுறை எதுவும் கூடாது, நொடியில் சுற்றி இழுத்துவிடும். கண்ணாடியும் முகக்கவசமும் அவசியம். மரத்தூள் நெஞ்சுக்குக் கேடு. பிள்ளைகள் பழகும்போது விவரம் தெரிந்த பெரியவர் அருகில் நிற்க வேண்டும்.

அன்பளிப்பாகக் கொடுக்கும்போது கூடுதலாக ஒரு ரீஃபிலும், அது எந்த மரம், யார் வீட்டில் இருந்தது என்று எழுதிய சிறு சீட்டும் வையுங்கள். வாப்பிச்சா கைபட்ட கதவின் மரம் என்று தெரிந்தால் பேரப்பிள்ளை அதைப் பேணி வைத்துக்கொள்வான்.